வட்டில் சத்தம்

இந்த வட்டிலைத்தானே வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், தங்கச்சி? கேட்டுவிட வேண்டியதுதானே. நாய்க்குச் சோறு வைக்கிற வட்டில். மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறாளே, பிச்சைக்காரியோ என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது. லைசென்ஸ் துப்பாக்கி.

உட்காருங்கள். கோவில்பட்டி பஸ் இப்போதுதான் போயிற்று. நான் வந்து உட்கார்ந்த பிறகு அது மூன்றாவது. எனக்கா? எனக்குப் பஸ் வேண்டாம். நான் ஏற வந்தவள் இல்லை, இறங்கினவள். அதோ ரெட்டைப் பனை தெரிகிறதா? அதை ஒட்டி ஒரு ஓட்டு வீடு. என் சம்பந்தி வீடு. போகத்தான் வந்தேன். முழங்கால் வலிக்கிறது, கொஞ்சம் ஆறிக்கொண்டு போகலாம் என்று உட்கார்ந்தேன். தயக்கம் எல்லாம் ஒன்றும் இல்லை. நான் ஏன் தயங்க வேண்டும்? தப்புப் பண்ணினவள் தயங்கட்டும்.

நாயைக் கூட்டிப் போக வந்திருக்கிறேன். நாயை மட்டும்.

கையில் என்ன, உளுந்த வடையா? வாசமே சொல்கிறதே. ஐயையோ, எனக்கு வேண்டாம். இன்றைக்குக் கார்த்திகை நட்சத்திரம். நான் ஒருபொழுது. நீங்கள் சாப்பிடுங்கள்.

யாரையும் இளக்காரமாகப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை தங்கச்சி. முருகனுக்குத் தெரியும். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் இருக்கிறார்களே... நீங்கள் இந்த ஊர் இல்லையே? நல்லது. இவர்களுக்கு நாய்தான் சாமி, நாய்தான் சொத்து. என் மகன் கல்யாணத்துக்குச் சீர்வரிசை பதினொரு தட்டு வந்தது. பன்னிரண்டாவதாக ஒரு கூடை. மூடி போட்ட கூடை. பலாப்பழமாக்கும் என்று ஆசையாகத் திறந்தேன். என் மூஞ்சியை நக்கிவிட்டது. நாய்க்குட்டி! கழுத்தில் மஞ்சள் துணி வேறு.

“கன்னி ஜாதி நாயை நாங்க விக்க மாட்டோம் சம்பந்தியம்மா. பொண்ணு கூடத்தான் அனுப்புவோம். எங்க வழக்கம்” என்றார் பெண்ணுடைய அப்பா, ஜமீனைத் தாரை வார்த்துக் கொடுத்த மாதிரி.

பெண் பேர் வேலுத்தாய். பெண்ணும் ஒல்லி, நாயும் ஒல்லி. ரெண்டுக்கும் எலும்பை எண்ணலாம். எங்கள் பக்கத்து வீட்டுச் செல்லக்கனிக்கு வாய் சும்மா இருக்குமா? “ஏ ஆவுடை, ஒரு மருமகள்னு சொன்னே, ரெண்டு வந்திருக்கு?” என்று தெருவே கேட்கக் கேட்டாள். வந்த பெண் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டாமா? அவளும் சேர்ந்து சிரிக்கிறாள். “அத்தை, இது பேரு மைனா” என்கிறாள் என்னிடம். என் வீட்டில் அவள் பேசின முதல் பேச்சு அது.

நாய்க்கு மைனா என்று யாராவது பேர் வைப்பார்களா? அந்தப் பேரை நான் என் வாயால் சொல்வதில்லை. புருஷன் பேரையே சொல்லாத வாய், நாய் பேரையா சொல்லும்? இப்போது சொன்னேனே என்றால், அது அவள் சொன்னதைச் சொன்னது. சேர்த்தி இல்லை.

எங்கள் வீட்டய்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் எங்கள் வீட்டுக்கே துப்பாக்கி வீடு என்றுதான் பேர். ஆயுத பூஜைக்குச் சந்தனம் தடவி, மாலை போட்டு, மணையில் சாய்த்து வைத்தால் அந்தத் துப்பாக்கி மாப்பிள்ளை மாதிரி இருக்கும். வாங்கி அப்போது இரண்டு வருஷம். வேட்டைக்குப் போவார், சுடுவார், வருவார். முயல் மட்டும் வராது. அவர் மேல் குற்றம் இல்லை. அந்த இரண்டு வருஷமும் எங்கள் காட்டில் முயலே கிடையாது. கீழத்தெரு மாடக்கண்ணு வெறும் கம்பை எறிந்து முயல் அடித்துக்கொண்டு வருவான். அது வேறு காட்டு முயலாக இருக்கும்.

மாசி மகத்தன்று எங்கள் ஊர்க் கருப்பசாமிக்கு வேட்டை. விடியக் காட்டுக்குள் இறங்குவார்கள். முதல் முயலைக் கொண்டுவந்து சாமி முன்னால் போடுகிற வீட்டுக்குத்தான் பரிவட்டம். தலையில் பட்டுத்துணி கட்டி, மேளத்தோடு வாசல் வரைக்கும் கூட்டிவந்து விடுவார்கள். துப்பாக்கியோடு போன மனுஷர், மாடக்கண்ணு தலையில் பட்டு ஏறுகிறதை இரண்டு வருஷம் நின்று பார்த்துவிட்டு வந்தார். அவனுக்கு மேல்சட்டைகூடக் கிடையாது. தலையில் பட்டு!

அதனால்தான் நாய் வந்ததில் அவருக்குச் சந்தோஷம். சம்பந்தி மட்டும் குறுக்கே விழுந்தார். “ஓடிப் பிடிக்கிற நாய்க்குத் துப்பாக்கி எதுக்கு சம்பந்தி? நாங்க வாறோம்னு முயலுக்குச் சொல்லி விடவா?” என்றார். கேலியாம். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத மனுஷருக்குக் கேலி.

கார்த்திகை மாசம், குட்டிக்கு ஆறு மாசம் இருக்கும். “இதுக்குச் சத்தம் பழக்கணும்” என்றார் வீட்டய்யா. பிள்ளைக்குக் காது குத்துகிற மாதிரிதானாம். யோசிக்க விடக்கூடாது. ஒரே குத்து. கொஞ்ச நேரம் அழும், அப்புறம் ஆயுசுக்கும் கம்மல் போட்டுக்கொள்ளலாம். எவ்வளவு நியாயமான பேச்சு! அவள்தான், “வேண்டாம் மாமா, அந்தச் சத்தம் உள்ளேயே தங்கிரும்” என்றாள். புகுந்த வீட்டுக்கு வந்து மூன்று மாசம் ஆகவில்லை, மாமனாருக்கு வேட்டை சொல்லிக்கொடுக்கிறாள்.

வேப்ப மரத்தில் கட்டிவைத்து, பக்கத்தில் நின்று, வானத்தைப் பார்த்து ஒரு சுடு சுட்டார்.

கயிறு எப்படி அறுந்தது என்று இன்றைக்கும் தெரியாது. நான் அடுப்படியில் இருக்கிறேன். என் காலுக்கு நடுவே கருப்பாக ஒன்று போயிற்று. தானியக் குலுக்கைக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டது. வந்த வழியெல்லாம் ஈரம், புள்ளி வைத்த கோலம் மாதிரி. அதைக் கழுவினவள் நான். முருகன் அந்தப் பிராணிக்குக் காலைக் கொடுத்தான், நெஞ்சைக் கொடுக்க மறந்துவிட்டான்.

இரண்டு நாள் வெளியே வரவில்லை. இவள் குலுக்கைக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்து, கையை உள்ளே நீட்டிக்கொண்டு கிடக்கிறாள். மாமனார் நடமாடுகிற வீடு! “எந்திரிம்மா. மனுஷப் பிள்ளைக்குக் காய்ச்சல்னாக்கூட இப்படிக் கெடக்க மாட்டாக” என்றேன்.

“அத்தை, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க” என்கிறாள். என் வீட்டில், என்னை!

அப்புறம் வெளியே வந்தது. வந்து என்ன? உலக்கை விழுந்தால் நடுங்கும். கதவு சாத்தினால் நடுங்கும். வீட்டய்யா இருமினால் போதும், அடுப்படி நனைந்துவிடும். ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை. “தைப்பூசம் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள துப்பாக்கிக்கு முன்னால நிக்கலேன்னா, அந்தத் துப்பாக்கியாலேயே அதோட கதைய முடிச்சிருவேன். துப்பாக்கி வீட்டுல தொடைநடுங்கி நாயா?” என்றார். சொன்னதைச் செய்கிறவர். கட்டிப்போட்டு அவ்வளவு பக்கத்தில் சுட்டால் யாருக்கும் குறி தப்பாது.

அவள், “தைப்பூசம் வரைக்கும் அதை எங்கிட்ட விட்டுருங்க மாமா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அப்புறம் பாருங்கள் கூத்தை. எனக்குத் தாய் வீட்டுச் சீராக வந்த வட்டில் ஒன்று பரணில் கிடந்தது. ஆமாம், இதே வட்டில்தான். அதை எடுத்துக்கொண்டாள். நாய்க்கு! சோறு வைக்கிறதுக்கு முன்னால் வாசலில் நின்று கரண்டியால் மெள்ள ஒரு தட்டு. கொல்லையில் இருக்கிற நாய்க்குக் கேட்டும் கேட்காத மாதிரி. உடனே சோறு. மறுநாள் ஒரு எட்டு முன்னால் வந்து தட்டுவாள். உடனே சோறு. நாள் பூராவும் இதே சோலி.

“என்னடி இது, கோயிலா? மணி அடிச்சு நைவேத்தியமா?” என்று கேட்டேன்.

“சத்தத்துக்கு அப்புறம் என்ன வரும்னு அதுக்குத் தெரியல அத்தை. அதான் பயப்படுது. சோறு வரும்னு தெரிஞ்சிட்டா அதுபாட்டுக்கு இருக்கும்” என்றாள். பெரிய தத்துவம். நான் சிரித்தே விட்டேன்.

வட்டில் முடிந்து உலக்கை. உலக்கை முடிந்து வெடி. என் மகன் சண்முகவேல் சிவகாசியில் அச்சாபீஸில் இருக்கிறான், சனிக்கிழமை வருவான். வரும்போது அம்மாவுக்குப் பூவோ பழமோ வாங்கிவருகிற பிள்ளை, கட்டுக்கட்டாக ஓலை வெடி வாங்கிவர ஆரம்பித்தான். கிணற்றுக்கு அந்தப் பக்கம் அவன் வெடி போடுவான். இந்தப் பக்கம் இவள் கருவாட்டுத் தலையைக் கொடுப்பாள். நான் விரதம் இருக்கிற வீட்டில் கருவாட்டு நாற்றம்! “ஒங்க வீட்டுல மட்டும் தெனமும் தீவாளியா ஆவுடை?” என்று செல்லக்கனி கேட்கிறாள். மார்கழி முடிகிறதுக்குள்ளே வெடிச்சத்தம் கேட்டால் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓடிவருகிறது நாய். வெட்கம் கெட்ட பிராணி.

அதோடு விட்டாளா? “மாமா, இனிமே நீங்கதான் சுடணும். ஆனா மூணு காடு தள்ளி நின்னு” என்றாள். இவள் இங்கே நாயை வைத்துக்கொண்டு நிற்பாளாம். ஒரு கையால் முந்தானையை ஆட்டினால், பத்தடி கிட்ட வந்து சுட வேண்டுமாம். ரெண்டு கையையும் தூக்கினால் பயப்படுகிறது என்று அர்த்தம், பின்னால் போய்விட வேண்டுமாம். நினைத்துப் பாருங்கள் தங்கச்சி. மருமகள் முந்தானையை ஆட்டுகிறதற்கு மாமனார் ஆட வேண்டும்!

“நான் என்ன அவளுக்குக் கூலியாளா?” என்று குதித்தார். குதித்துவிட்டு மறுநாள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார். சின்னப் பிள்ளை மனசு கோணக்கூடாது என்றுதான். பெருந்தன்மை. நான் கொல்லையில் நின்று பார்த்தேன். அவள் ஆட்டினாள், அவர் பத்தடி வந்தார். ஆட்டினாள், பத்தடி வந்தார். ஒருதரம் ரெண்டு கையையும் தூக்கினாள். மனுஷர் விறுவிறுவென்று பின்னால் ஓடினார் பாருங்கள், எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால், நாய்க்குப் பக்கத்திலேயே நின்று சுட்டார். அது ஏறிட்டு அவர் கையைப் பார்த்தது, கருவாடு எங்கே என்று.

அந்த மாசி மகத்துக்கு முதல் முயல் எங்கள் வீட்டு முயல். பட்டுத்துணி கட்டி மேளத்தோடு வந்தார். வாசலில் ஆரத்தி எடுத்தவள் நான். நான் ஒன்று சொல்வேன், அந்த வருஷம்தான் எங்கள் காட்டில் முயல் பெருத்தது. அதிலிருந்து எத்தனை முயல்! எல்லாம் அவர் சுட்டது. “நான் சுட்டேன், அது போய் எடுத்துட்டு வந்திச்சு” என்பார். முயல் பிடிபட்டதுக்கு அப்புறம்தான் வெடிச்சத்தமே கேட்டது என்று மாடக்கண்ணு சொல்லித் திரிகிறான். பொறாமை பிடித்தவன்.

அவர் கைநேர்த்தி உங்களுக்குத் தெரியாது. தோட்டாவுக்குள்ளே மிளகு மாதிரி ஈய ரவை இருக்கும். வேறு ஆட்கள் சுட்ட முயலை அறுத்தால் கறிக்குள்ளே ரவை பொறுக்க வேண்டும். அவர் சுட்ட முயலில் ஒரு ரவை இருக்காது. நானே உரித்திருக்கிறேன், நானே கழுவியிருக்கிறேன். குண்டு பட்ட இடமே தெரியாது. கழுத்தில் நாய்ப் பல் பட்ட தடம் மட்டும் இருக்கும், தூக்கிவருகிறதில்லையா, அதனால். அப்படி ஒரு கை!

ஏன் சிரிக்கிறீர்கள்? புரையேறிவிட்டதா? தண்ணி குடியுங்கள்.

இதே மாதிரிதான் அன்றைக்கும் ஒருத்தருக்குப் புரையேறியது. போன மார்கழிக் கடைசி. கழுகுமலையிலிருந்து வீட்டய்யாவுடைய சேக்காளிகள் நாலு பேர் விருந்துக்கு வந்திருந்தார்கள். அதில் ஒருத்தர் சர்வேயராக இருந்தவர். “முயல்கறின்னா பல்லுல கடக்குன்னு ரவை கடிபடும். இதுல ஒண்ணுகூட இல்லியே, எப்படிய்யா?” என்று கேட்டார். இவர் மீசையைத் தடவிக்கொண்டு, “நான் மேல படாமச் சுடுவேன். காத்துப் பட்டே விழுந்திரும்” என்றார்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். சிரித்தாலும் பரவாயில்லை, வாயைத் திறந்தாள். “மாமா வெடி போட்டா மைனாவுக்குச் சோத்து நேரம். அதுபாட்டுக்கு ஓடிப் புடிச்சிட்டு வருது. மத்தபடி முயலுக்கும் மாமாவுக்கும் ஒரு பகையும் கிடையாது” என்றாள்.

நாலு பேரும் சிரித்தார்கள். சர்வேயருக்கு ரசம் மூக்கில் ஏறிவிட்டது.

வீட்டய்யா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். “நாயக் கூட்டிக்கிட்டு ஒங்க அப்பன் வீட்டுக்குப் போ” என்றார். அவள் நகரவில்லை. விளையாட்டு என்று நினைத்தாளோ என்னவோ. என்னைப் பார்த்தாள். நானும், “போ” என்றேன். ஒரே ஒரு சொல்தான் தங்கச்சி. அவர் சொன்னபோது நின்றவள், நான் சொன்ன பிறகுதான் கரண்டியைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள். பக்கத்தில் அது படுத்திருந்தது, அதனால்.

புருஷனுக்காகத்தானே சொன்னேன்? சொல்லாமல் இருக்க முடியுமா? சபையில் அவரை அப்படிச் சொல்லலாமா?

சனிக்கிழமை மகன் வந்தான். “வேலுத்தாய் எங்கம்மா?” என்றான். சொன்னேன். சொம்புத் தண்ணியைக்கூட வாங்கவில்லை. வந்த பையோடு இந்த ஊருக்குப் பஸ் ஏறிவிட்டான். இப்போது சனிக்கிழமை சனிக்கிழமை இங்கேதான் வருகிறானாம். ஏழு சனிக்கிழமை. இன்றைக்கு என்ன கிழமை? சனியா? அப்படியா, எனக்கு ஞாபகமே இல்லை.

நான் வந்தது நாய்க்காக. மாசி மகத்துக்கு இன்னும் ஏழு நாள்தான் இருக்கிறது. அவரும் தினமும் துப்பாக்கியோடு போகிறார், வெறுங்கையோடு வருகிறார். இந்த வருஷம் மறுபடியும் முயல் இல்லாமல் போய்விட்டது, அதிசயமாக. பரிவட்டம் மாடக்கண்ணு தலைக்குப் போனால் இவர் பிழைக்க மாட்டார். திரும்பி வந்ததும் குலுக்கைப் பக்கம் குனிந்து பார்க்கிறார். என்ன தேடுகிறீர்கள் என்றால், ஒன்றும் இல்லை என்கிறார். வாசலில் அவர் இரண்டு தடவை இருமினதை நான் கேட்டேன். இருமல் எதுவும் இல்லை அவருக்கு. சும்மா இருமிவிட்டு, உள்ளே ஏதாவது ஓடுகிறதா என்று காது கொடுக்கிறார். வயசாகிறது.

இங்கே வருகிறது அவருக்குத் தெரியாது. கார்த்திகைக்குக் கழுகுமலை போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். முருகன் மன்னிப்பான். பஸ்ஸில் உட்கார்ந்து பையைத் திறந்தால், எல்லாவற்றுக்கும் மேலே இந்த வட்டில். புளி போட்டுத் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி. நான் தேய்க்கவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அர்ச்சனைத் தட்டு என்று நினைத்து வைத்திருப்பார், பாவம், கண் சரியில்லை. எனக்கும் அப்போதுதான் யோசனை வந்தது. இது இருக்கும்போது நான் ஏன் அந்த வீட்டுப் படி ஏற வேண்டும்? யாரிடம் ஏன் பேச வேண்டும்? இங்கிருந்தே மூன்று தட்டு. ஓடிவரும். கயிற்றைக் கட்டி அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். கண்டக்டர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

நம்ப மாட்டீர்களா? இருங்கள். கரண்டி இல்லை, வளையலே போதும்.

கேட்டதா? நல்ல பித்தளை. எங்கள் அம்மா கொடுத்தது.

வராது என்கிறீர்களா? காற்று எதிர்க்காற்று. இன்னொரு தட்டு... அதோ. அந்தப் பருத்திக் காட்டுக்கு நடுவே தூசி பறக்கிறது பாருங்கள். அதுதான். கால் தரையில் படுகிறதா பார்த்தீர்களா? இந்த ஜாதி நாய் ஓடுகிறதைப் பார்க்கக் கண் வேண்டும்.

வந்துவிட்டது. ஏய், சேலையில் காலை வைக்காதே. தள்ளு. தள்ளு என்கிறேன். எப்படி இளைத்திருக்கிறது... இல்லை, எப்போதும் இப்படித்தான். என்ன? என்ன பார்க்கிறாய்?

வட்டிலுக்குள்ளே பார்க்கிறது தங்கச்சி. இப்போது என் மூஞ்சியைப் பார்க்கிறது.

கயிறு கொண்டுவந்தேன். விபூதிப் பொட்டலம் இருக்கிறது. சோறு... சோறு கொண்டுவர வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே. குரைக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. உட்கார்ந்திருக்கிறது பாருங்கள், வரும் என்று. தட்டினவள் ஏமாற்ற மாட்டாள் என்று.

தங்கச்சி, அந்த வடையில் ஒன்று மிச்சம் இருக்குமா? பாதி போதும். கொடுங்கள் அம்மா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். பிய்த்துப் போடுங்கள், வட்டிலில் போடுங்கள். தின்னு. மெள்ளத் தின்னு, யாரும் பிடுங்க மாட்டார்கள்.

கயிறா? கட்டத்தான் வேண்டும். தின்று முடிக்கட்டும்.

பனைக்குப் பக்கத்தில் யாரோ நிற்கிறாளா? எங்கே? எனக்குக் கண் அவ்வளவு தூரம் தெரியாது. ஒல்லியா? பக்கத்தில் ஆம்பிளை ஒருத்தன் நிற்கிறானா, இல்லையா? சரி, அதை விடுங்கள். என்ன பண்ணுகிறாள்? முந்தானையையா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் தங்கச்சி, ரெண்டு கையையும் தூக்கினாளா, ஒரு கையால் ஆட்டுகிறாளா?

ஒரு கைதானா?

திமிர் பாருங்கள். மாமியாருக்கு முந்தானையை ஆட்டுகிறாள். அவள் ஆட்டினால் நான் போக வேண்டுமோ? துப்பாக்கி வீட்டுக்காரி நான்.

அந்தப் பையை எடுத்துக் கொடுங்கள். பத்தடிதான். பத்தடிக்கு மேல் ஒரு அடி வைக்க மாட்டேன். ஏய் மைனா, முன்னால் ஓடாதே, நில்லு, எனக்கு முழங்கால் வலி.

தங்கச்சி, மறுபடியும் ஆட்டுகிறாளா?